நுரையீரலின் 'சவர்க்காரம்' ஆஸ்துமாவுக்கு மருந்தாகுமா?

நுரையீரலுக்குள் இயற்கையாகவே சுரக்கின்ற ஒரு பதார்த்தத்தைக் கொண்டு ஒவ்வாமை ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தலாம் என்ற செய்தி அவ்வப்போது வட்ஸ்அப் குழுமங்களில் வலம் வருகிறது. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன். அதனால் இப்படியான செய்திகள் வரும்போதெல்லாம் மாணவர்களும் அவர்களது பெற்றோரும் என்னிடம் கேட்பதுண்டு. "சேர், இது உண்மையா? இனி பம்ப் தேவையில்லையாமே?" என்பதுதான் அநேகமானோரின் கேள்வி.

இதற்கு ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. அப்படியொரு பதார்த்தம் இருப்பது உண்மை. அதனை ஆஸ்துமாவுக்குப் பயன்படுத்த முடியுமா என்று பல நாடுகளில் ஆய்வு செய்ததும் உண்மை. ஆனால் ஆய்வு என்பது வேறு, பாமசியில் கிடைக்கும் மருந்து என்பது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாம் விளங்கிக்கொள்ளாவிட்டால், அதற்கான விலையைக் கொடுப்பது நமது பிள்ளைகளின் மூச்சுதான். எனவே இந்த விடயத்தைச் சற்று விரிவாகவே எழுதலாம் என நினைக்கிறேன்.

மூச்சு ஏன் இலகுவாக இருக்கிறது?

நமது நுரையீரல் ஒரு வெறும் காற்றுப்பை அல்ல. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணிய சிற்றறைகள் உள்ளன. வளர்ந்த ஒருவரில் இவற்றின் எண்ணிக்கை 30 கோடி தொடக்கம் 50 கோடி வரை இருக்கும். ஒரு சிற்றறையின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீற்றர் பரப்பு வரும். இந்தப் பரப்பினூடாகவே ஒக்சிஜன் குருதிக்குள் செல்கிறது.

இந்தச் சிற்றறைகளின் உட்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நாம் பாடசாலையில் படித்த பரப்பிழுவை இதுதான். நனைந்த பொலித்தீன் பையைத் திறக்க முயன்றிருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு விரல்களுக்கு வேலை வைக்கும். நுரையீரலில் வெறும் நீர் மட்டும் இருந்தால், ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் சிற்றறைகள் அந்தப் பையைப் போல ஒட்டிச் சுருங்கிவிடும். அடுத்த மூச்சை இழுப்பதற்குப் பெரும் பலம் தேவைப்படும்.

இது நடக்காமல் தடுப்பதற்காக, சிற்றறைச் சுவரிலுள்ள இரண்டாம் வகைக் கலங்கள் ஒரு பதார்த்தத்தைச் சுரக்கின்றன. அதன் பெயர் சர்பெக்டன்ட். அதில் சுமார் 90 வீதம் கொழுப்பு, பெரும்பாலும் பொஸ்போலிப்பிட்டு வகை. மீதி 10 வீதம் புரதம். சவர்க்காரம் நீரின் இழுவையைக் குறைத்து நுரை பொங்க வைப்பது போல, இது நீர்ப்படலத்தின் மேல் பரவி அதன் இழுவையைத் தளர்த்துகிறது. மூச்சை வெளியே விட்டு சிற்றறை சுருங்கும்போது சர்பெக்டன்ட் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்படுவதால், பரப்பிழுவை கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கே இறங்கிவிடும். நாம் எண்ணிப் பார்க்காமலேயே ஒரு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவைகள் மூச்சு விடுவதற்கு இந்த மெல்லிய படலமும் ஒரு காரணம்.

ஒரு ஜனாதிபதியின் குழந்தை

1929 இல் கர்ட் வொன் நீர்கார்ட் என்ற ஆய்வாளர், நுரையீரலைக் காற்றால் நிரப்புவதைவிடத் திரவத்தால் நிரப்புவது இலகுவானது எனக் காட்டினார். அதாவது நுரையீரலைச் சுருக்கும் விசையில் பெரும் பங்கு காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பிலிருந்தே வருகிறது என்பது அவரது முடிவு. நீண்ட காலம் அதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1950களில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பட்டிலும் அமெரிக்காவின் ஜோன் கிளெமென்ட்ஸும் நுரையீரலிலிருந்து பெற்ற திரவத்தில் இழுவையைக் குறைக்கும் பதார்த்தம் இருப்பதை நிறுவினர். 1959 இல் மேரி எலன் ஏவரி, ஜெரே மீட் ஆகிய இருவரும், குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறக்கும் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பதார்த்தம் போதியளவு இல்லை என்பதைக் கண்டறிந்தனர்.

காரணம் தெரிந்தது. ஆனால் மருந்து இருக்கவில்லை. 1963 ஓகஸ்ட் 7 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எப். கென்னடிக்கு பெற்றிக் என்ற ஆண் குழந்தை, உரிய காலத்துக்கு ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்தது. உலகின் மிகப் பலம் வாய்ந்த நாட்டின் தலைவரது பிள்ளை. மிகச் சிறந்த வைத்தியர்கள் சூழ இருந்தார்கள். ஆனாலும் 39 மணித்தியாலங்களில் அந்தக் குழந்தை இறந்துபோனது.

1980 இல் ஜப்பானைச் சேர்ந்த டெட்சுரோ புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்பெக்டன்டைக் குறைமாதக் குழந்தைகள் பத்துப் பேரின் சுவாசக் குழாய்க்குள் செலுத்தி வெற்றி கண்டார். 1990 இல் அமெரிக்காவில் முதலாவது சர்பெக்டன்ட் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இன்று அது உலக சுகாதார ஸ்தாபனத்தின் சிறுவர்களுக்கான அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. பெற்றிக்கைக் காப்பாற்ற முடியாத அதே நோயிலிருந்து இன்று அவரைவிடச் சிறிய குழந்தைகளும் தப்பி வாழ்கிறார்கள்.

இந்த வெற்றிதான் அடுத்த கேள்வியைக் கிளப்பியது. குழந்தையின் மூச்சுத் திணறலை மாற்றிய மருந்து, ஆஸ்துமாக்காரரின் மூச்சுத் திணறலையும் மாற்றாதா?

ஆஸ்துமாவில் என்ன நடக்கிறது?

ஆஸ்துமா என்றால் மூச்சுக் குழாயின் தசைகள் இறுகுவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். ஒவ்வாமை ஆஸ்துமாவின் அடிப்படை அழற்சி. தலையணையிலும் மெத்தையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சணம், பூனை முடி போன்றவற்றின் புரதங்களை உடல் எதிரியாகக் கருதுகிறது. ஐஜிஈ எனும் பிறபொருளெதிரி உருவாகிறது. மறுமுறை அதே பொருள் மூச்சோடு உள்ளே போகும்போது ஹிஸ்டமின் முதலான இரசாயனங்கள் வெளிப்பட்டு, தசை இறுகுகிறது, குழாயின் சுவர் வீங்குகிறது, சளி பெருகுகிறது. சில மணித்தியாலங்களுக்குப் பின்னர் இயோசினோபில் போன்ற வெண்குருதிக் கலங்கள் அங்கே குவிகின்றன.

இதில் சர்பெக்டன்ட் எங்கே வருகிறது? அது சிற்றறைகளில் மட்டுமல்ல, அவற்றுக்குச் செல்லும் மிகச் சிறிய மூச்சுக் குழாய்களின் உட்சுவரிலும் பரவியிருக்கிறது. ஜூஸ் குடித்து முடித்த ஸ்ட்ரோவைப் பாருங்கள். உள்ளே ஒரு துளி குறுக்கே அடைத்துக்கொண்டு நிற்கும். குழாய் எவ்வளவு ஒடுக்கமோ, அடைப்பு அவ்வளவு எளிதில் உண்டாகும். நமது சிறு மூச்சுக் குழாய்களில் இப்படி நீர் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் சர்பெக்டன்டின் வேலை.

அழற்சி ஏற்படும்போது குருதிக் கலன்களிலிருந்து திரவமும் புரதங்களும் குழாய்க்குள் கசிகின்றன. அந்தப் புரதங்கள் சர்பெக்டன்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. அழற்சிக் கலங்கள் விடும் நொதியங்கள் அதன் கொழுப்பையே உடைக்கின்றன. ஜேர்மனியின் ஹனோவரில் யென்ஸ் ஹோல்பெல்ட் குழுவினர், ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களின் நுரையீரலில் ஒரு சிறு பகுதிக்குள் ஒவ்வாமைப் பொருளைச் செலுத்தி, பின்னர் அங்கிருந்து கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தார்கள். சர்பெக்டன்ட் தனது வலுவை இழந்திருந்தது. இது 1999 இல் வெளியான ஆய்வு.

ஆகவே ஆஸ்துமாக்காரரின் மூச்சு அடைப்பதற்குத் தசை இறுக்கமும் சளியும் மட்டுமல்ல, இந்தப் படலம் பழுதடைவதும் ஒரு காரணம் எனக் கருத நியாயம் இருக்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து புதிய சர்பெக்டன்டைக் கொடுத்துப் பார்க்கலாமே?

கொடுத்துப் பார்த்தார்கள்

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பஃபலோவில் கோரன் என்ஹோர்னிங் குழுவினர், ஒவ்வாமை உண்டாக்கப்பட்ட கினிப்பன்றிகளுக்கு முன்கூட்டியே சர்பெக்டன்ட் கொடுத்தபோது ஆஸ்துமாத் தாக்கம் தணிந்ததைக் கண்டார்கள். அதற்கு முன்னரே, 1991 இல், ஜப்பானில் ஆஸ்துமாத் தாக்கத்துக்கு உள்ளான சிலருக்கு அதனை ஆவியாக உள்ளிழுக்கச் செய்தபோது சுவாசம் மேம்பட்டதாக ஒரு சிறிய ஆய்வு கூறியது. நம்பிக்கை பிறந்தது.

ஆனால் 1996 இல் நெதர்லாந்திலிருந்து வந்த முடிவு வேறு விதமாக இருந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் சிலருக்கு சர்பெக்டன்டை நெபுலைசர் மூலம் கொடுத்தபோது அவர்களது மூச்சோட்டத்தில் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை.

2003 இல் இங்கிலாந்தின் சவுத்ஹம்டனில், புரதம் எதுவுமற்ற செயற்கை சர்பெக்டன்டை உலர்ந்த தூளாக உள்ளிழுக்கச் செய்தார்கள். பின்னர் ஒவ்வாமைப் பொருளைக் கொடுத்தபோது, வழமையாக உடனடியாக ஏற்படும் மூச்சுக்குழாய் இறுக்கம் ஏற்படவில்லை. இது சிறப்பான முடிவு. எனினும் பங்குபற்றியவர்கள் பத்துப் பேருக்கும் குறைவானவர்கள். அனைவரும் இலேசான ஆஸ்துமா உள்ளவர்கள்.

அடுத்த வருடமே, 2004 இல், ஹனோவர் குழுவினர் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். பன்றியின் நுரையீரலிலிருந்து பெற்ற சர்பெக்டன்டை ஆஸ்துமாக்காரர்களின் நுரையீரலில் ஒரு பகுதிக்குள் இட்டு, அதன்பின் ஒவ்வாமைப் பொருளைச் செலுத்தினார்கள். அழற்சி குறையவில்லை, மாறாக அதிகரித்தது. இயோசினோபில் கலங்கள் மேலும் குவிந்தன.

வட்ஸ்அப் செய்திகளில் இதுபோன்ற இரண்டாம் பக்கம் வருவதில்லை. நல்ல முடிவு தந்த ஒரு ஆய்வு மட்டும் "மருந்து கண்டுபிடிக்கப்பட்டது" என்ற தலைப்போடு சுற்றுகிறது.

ஏன் இந்த முரண்பாடு?

எனது விளக்கத்தில் இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, குறைமாதக் குழந்தையின் பிரச்சினையும் ஆஸ்துமாக்காரரின் பிரச்சினையும் ஒன்றல்ல. குழந்தையிடம் சர்பெக்டன்ட் போதியளவு இல்லை. கொடுத்தால் போதும், சில நாட்களில் அதன் கலங்களே சுரக்கத் தொடங்கிவிடும். ஆஸ்துமாக்காரரின் நுரையீரலோ அதைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. அழற்சிதான் அதைப் பழுதாக்குகிறது. ஓட்டை வாளியில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் ஓட்டையை அடைக்காத வரை பயன் சொற்பமே. இதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. கடுமையான கிருமித் தொற்றினால் நுரையீரல் செயலிழந்த வளர்ந்தவர்கள் 725 பேருக்கு ஆவி வடிவில் செயற்கை சர்பெக்டன்ட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1996 இல் வெளியானது. உயிர் பிழைப்போர் தொகையில் முன்னேற்றம் ஏற்படவில்லை. குழந்தைகளுக்கு உயிர் கொடுத்த மருந்து பெரியவர்களிடம் பலிக்கவில்லை.

இரண்டாவது, எல்லா சர்பெக்டன்டும் ஒன்றல்ல. இயற்கையான சர்பெக்டன்டில் ஏ, பி, சி, டி என நான்கு முக்கிய புரதங்கள் உள்ளன. பி, சி ஆகிய இரண்டும் கொழுப்பைப் பரப்ப உதவுபவை. ஏ, டி ஆகிய இரண்டும் வேறு வேலைக்காரர்கள். அவை நுரையீரலின் காவலாளிகள். உள்ளே வரும் கிருமிகளையும் பூஞ்சணத் துணிக்கைகளையும் பிடித்துக்கொண்டு, அவற்றை விழுங்கும் கலங்களிடம் ஒப்படைப்பவை. விலங்குகளின் நுரையீரலிலிருந்து குழந்தைகளுக்கான மருந்தைத் தயாரிக்கும் முறையில் இந்த ஏ, டி புரதங்கள் அகற்றப்பட்டுவிடுகின்றன. குழந்தையின் தேவைக்கு அது குறையல்ல. ஆனால் ஒவ்வாமை என்பது நிர்ப்பீடனத் தொகுதியின் பிரச்சினை. அங்கே காவலாளி இல்லாமல் சவர்க்காரத்தை மட்டும் அனுப்பினால், ஒவ்வாமைப் பொருளும் வழுக்கிக்கொண்டு நன்றாகப் பரவ இடமுண்டு.

எனவேதான் ஆய்வாளர்களின் கவனம் அந்த இரண்டு காவலாளிப் புரதங்களின் பக்கம் திரும்பியது. டெல்லியிலும் ஒக்ஸ்போர்டிலும் பணியாற்றிய தருணா மதான், உதய் கிஷோர் உள்ளிட்டோர், அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணத்தின் ஒவ்வாமைப் புரதங்களோடு இவை ஒட்டிக்கொண்டு, ஐஜிஈ வந்து சேர்வதைத் தடுக்கின்றன என 1997 இல் காட்டினார்கள். ஹிஸ்டமின் வெளிப்படுவதும் குறைந்தது. 2001 இல் அதே பூஞ்சணத்தால் ஒவ்வாமை உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இப்புரதங்களைக் கொடுத்தபோது இயோசினோபில்களும் ஐஜிஈயும் குறைந்து எலிகள் பாதுகாக்கப்பட்டன. டி புரதத்தின் ஒரு துண்டை மட்டும் பக்ரீரியாக்களில் வளர்த்தெடுத்துப் பயன்படுத்தினாலும் பயன் கிடைத்தது. தூசிப்பூச்சியின் புரதங்களோடும் இவை ஒட்டுகின்றன என வேறு ஆய்வுகள் கூறுகின்றன.

இதுதான் இன்று உண்மையான நம்பிக்கை தரும் பாதை என்பது எனது அபிப்பிராயம். ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழி மிக நீளமானது. எலியில் வென்று மனிதரில் தோற்ற ஆஸ்துமா மருந்துகள் பல உண்டு.

வழியிலுள்ள தடைகள்

முதல் தடை அளவு. குறைமாதக் குழந்தைக்கு உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 100 தொடக்கம் 200 மில்லிகிராம் வரை சர்பெக்டன்ட் கொடுக்கப்படுகிறது. ஒரு கிலோ குழந்தைக்கு 200 மில்லிகிராம் போதும். அதே கணக்கில் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 12 கிராம் வேண்டும். குழந்தைக்கு ஒன்றிரண்டு தடவைகளோடு விடயம் முடிந்துவிடும். ஆஸ்துமாவோ வருடக்கணக்கான நோய். மூச்சுக் குழாய்களுக்கு மட்டும் என்றால் குறைந்த அளவு போதுமாகலாம். ஆனாலும் அது ஒரு நாளோடு முடியும் வேலையல்ல.

இரண்டாவது, கொண்டு சேர்க்கும் வழி. குழந்தைக்கு நேரடியாக மூச்சுக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். ஆஸ்துமாக்காரர் அதை உள்ளிழுக்க வேண்டும். அடைபட்ட குழாய்க்குத்தான் மருந்து அதிகம் தேவை, ஆனால் அடைபட்ட குழாய்க்குள்தான் ஆவியும் தூளும் போகாது.

மூன்றாவது தடை நம்மைப் போன்ற வாசகர்களுக்கு முக்கியமானது. இன்று குழந்தைகளுக்குப் பயன்படும் சர்பெக்டன்ட் மருந்துகளில் கியூரோசர்ப் பன்றியின் நுரையீரலிலிருந்து பெறப்படுவது. சர்வென்டா மாட்டின் நுரையீரலிலிருந்து பெறப்படுவது. நான் மார்க்க அறிஞன் அல்லன். ஆனால் ஒரு விடயம் எனக்கு விளங்குகிறது. உயிருக்குப் போராடும் சிசுவுக்கு, வேறு வழி கைவசம் இல்லாத நேரத்தில் கொடுக்கப்படும் மருந்தும், வேறு மருந்துகள் இருக்கும்போது ஒரு நாட்பட்ட நோய்க்குத் தினமும் எடுக்கும் மருந்தும் ஒரே கேள்வி அல்ல. நிர்ப்பந்தம் என்ற அடிப்படை முதலாவதற்குப் பொருந்துவது போல இரண்டாவதற்குப் பொருந்துமா என்பதை உலமாக்களும் வைத்தியர்களும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். சிசுவின் விடயத்தில் இந்தக் கேள்வியை வைத்து சிகிச்சையைத் தாமதப்படுத்துவது ஆபத்து என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். செயற்கையாகத் தயாரிக்கப்படும் கொழுப்பும், பக்ரீரியாவில் வளர்த்தெடுக்கப்படும் மனிதப் புரதத் துண்டும் வெற்றி பெற்றால், விலங்கு பற்றிய இந்தக் கேள்வியே எழாது போகலாம்.

கையிலிருக்கும் மருந்தை விட்டுவிடாதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகனுக்கு கிளினிக்கில் கொடுத்த தடுப்பு இன்ஹேலரை நிறுத்தி வைத்திருந்தார். "புது மருந்து வரப்போகுதாம் சேர். இது ஸ்டீரொயிட்தானே, பழகிட்டா விட ஏலாதாம்" என்பது அவர் சொன்ன காரணம். நீல நிற பம்ப் மட்டும் கையில் இருந்தது. மகனுக்கு இரவில் இருமல், படியேறினால் இழுப்பு. அதைப் பார்த்த பின்னரே இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நீல பம்ப்பில் இருப்பது பெரும்பாலும் சல்பியுடமோல். அது இறுகிய தசையைத் தளர்த்தும், சில நிமிடங்களில் சுகம் தரும். ஆனால் அழற்சியை அது தொடுவதில்லை. கசிவும் வீக்கமும் அப்படியே இருக்கும். சர்பெக்டன்ட் படலம் பழுதாகிக்கொண்டே இருக்கும். ஓட்டையை அடைப்பது பெக்லோமெதசோன் போன்ற தடுப்பு மருந்துதான். ஆஸ்துமா பற்றிய உலக வழிகாட்டல்களை வெளியிடும் ஜீனா அமைப்பு, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு சல்பியுடமோல் போன்றவற்றைத் தனியாக மட்டும் கொடுக்க வேண்டாம் என 2019 இலிருந்து கூறி வருகிறது. அதனை மட்டும் நம்பியிருப்பவர்களுக்குக் கடும் தாக்கமும் மரணமும் ஏற்படும் ஆபத்து அதிகம் என்பதே காரணம்.

ஸ்டீரொயிட் என்ற சொல்லுக்குப் பயப்படுபவர்களுக்கு இரண்டு விடயங்கள். உள்ளிழுக்கும் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேராக மூச்சுக் குழாய்க்குச் செல்கிறது. கடும் தாக்கத்தின்போது கொடுக்கும் மாத்திரை மில்லிகிராம் கணக்கில் முழு உடம்புக்கும் செல்கிறது. தடுப்பு மருந்தை நிறுத்தி வருத்தம் முற்றினால், பயந்த ஸ்டீரொயிட்டைப் பல மடங்கு கூடுதலாக விழுங்க வேண்டிவரும். பக்க விளைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாயில் வெண்படலம், குரல் கரகரப்பு ஏற்படலாம். பாவித்த பின் வாய் கொப்பளித்தால் குறையும். பிள்ளைகளின் உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவு வித்தியாசம் வரலாம். அதனால்தான் வைத்தியர் கட்டுப்பாட்டுக்குத் தேவையான மிகக் குறைந்த அளவைத் தேடுகிறார்.

இரண்டாவது விடயம், குறைமாதத்தில் பிரசவம் ஆகலாம் என்றால் தாய்க்கு வைத்தியர்கள் போடும் ஊசி எது தெரியுமா? ஸ்டீரொயிட்தான். 1972 இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி ஆகியோர் வெளியிட்ட ஆய்வே அதற்கு வழிகாட்டியது. அது கருவிலுள்ள குழந்தையின் நுரையீரலை முதிர்ச்சியடையச் செய்து சர்பெக்டன்டைச் சுரக்க வைக்கிறது. நாம் வெறுக்கும் அந்த மருந்துக் குடும்பமே, நாம் எதிர்பார்க்கும் அந்தப் படலத்தின் நண்பன்.

இன்னொன்று. அம்ப்ரொக்சோல் என்ற சளி மருந்து சர்பெக்டன்ட் சுரப்பைத் தூண்டக்கூடியது. பாமசியில் இலகுவாகக் கிடைக்கும். சளியை இளக்க அது உதவலாம். ஆனால் அது ஆஸ்துமாவின் தடுப்பு மருந்து அல்ல. "சர்பெக்டன்டைக் கூட்டும் மருந்து இதோ இருக்கிறதே" என்று அதைக் குடித்துக்கொண்டு இன்ஹேலரை விட்டுவிடுவது தவறு.

நோன்பு காலத்திலும் இதே கவனம் தேவை. இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தடுப்பு மருந்துகளில் பல, நாளுக்கு இரண்டு வேளை எடுப்பவை. ஸஹருக்கும் நோன்பு திறந்த பின்னரும் எடுக்கும் விதமாக வைத்தியரிடம் பேசி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். ரமழான் தொடங்க முன்னரே அதைச் செய்வது நல்லது. பகலில் மூச்சுத் திணறல் வந்தால் நிவாரண பம்ப்பை எடுக்கத் தயங்கி உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நாம் அனைவரும் அறிவோம்.

வீட்டிலும் செய்ய வேண்டியவை உண்டு. தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை சூடான நீரில் கழுவுங்கள். சுவரில் ஈரக் கசிவும் பூஞ்சணமும் இருந்தால் திருத்துங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை தூங்கும் அறையில் நுளம்புச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம். வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பவருக்கு, அவர் வாப்பாவாக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும், வாசலைக் காட்டுங்கள். சிறு பிள்ளைகளுக்கு பம்ப்பை ஸ்பேசர் வைத்துக் கொடுங்கள். சரியான முறையை கிளினிக்கில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பேச முடியாத அளவுக்குத் திணறல், உதடு நீலமாதல், பம்ப் அடித்தும் குறையாமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

1929 இல் தொடங்கிய கண்டுபிடிப்பு குழந்தைகளுக்கு மருந்தாக வந்து சேர 60 வருடங்கள் எடுத்தன. ஆஸ்துமாவுக்கும் அந்தப் படலத்திலிருந்து ஒரு நாள் நல்ல மருந்து வரலாம். அது வரும்போது நமது பிள்ளைகள் அதைப் பாவிக்கும் ஆரோக்கியத்தோடு இருக்க வேண்டும். அதற்கு இன்றைய மருந்து இன்றிரவும் தவறாமல் எடுக்கப்பட வேண்டும். அடுத்த தடவை அப்படியொரு செய்தி உங்கள் தொலைபேசிக்கு வந்தால், பகிர்வதற்கு முன் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இது எலிக்கா, ஏழெட்டுப் பேருக்கா, அல்லது ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கா கொடுத்துப் பார்க்கப்பட்டது?